ரெண்டு ரிஷபத்துக்கு நடுவுல

நான் தள்ளினது ஒரே ஒரு கட்டுதான், ஒரு நெல்லு நீளம்கூட இருக்காது, நல்லதுக்குத்தான் தள்ளினேன், தள்ளி முடிச்சதும் மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, செவுத்துல கோணலாத் தொங்கற காலண்டரை நேராக்கிட்டு வந்து உக்காந்த மாதிரி, அந்த நிம்மதியோடதான் இப்ப முன்வரிசை ஓரத்து நாற்காலியில உக்காந்து சபா செயலாளர் வரதகோபாலன் பேசறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன், கேக்கறேன்னு சொல்றது பெரிய வார்த்தை, காதுல விழுது, அவ்வளவுதான். பாரசீகம், பண்பாடு, பாலம், இந்த மூணையும் வச்சே மனுஷன் பத்து நிமிஷம் ஓட்டிட்டாரு. டிசம்பர் மாசத்துக் காலைக் கச்சேரி, வெளிய நல்ல வெயில், உள்ள இவ்வளவு ஏசி எதுக்கு, யாரு கேக்கறது. மேடையில அந்தம்மா மஹ்நாஸ் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க, ஈரான்ல கெர்மான்னு ஒரு ஊராம், அறுபது வயசிருக்கும், தலையில சாம்பல் நிறத் துணி, மடியில அந்த வாத்தியம். செதார்னு பேரு. நம்ம சிதாரை நெனச்சுக்கிட்டு வந்தவங்களுக்கு ஏமாத்தம்தான், நீளக் காம்பு வச்ச அகப்பை மாதிரி இத்தனூண்டு இருக்கு, ஆள்காட்டி விரல் நகத்தாலயே மீட்டறாங்க. செதார்னா மூணு தந்தின்னு அர்த்தமாம், எண்ணினா நாலு இருக்கு, கேட்டா நாலாவது பின்னால வந்து சேந்துச்சுங்கறாங்க, இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அது இல்ல விஷயம். இந்த சபாவுல மேடையேறுற எந்தத் தந்தி வாத்தியமும் என் கையைத் தாண்டித்தான் போகும், இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான். வெளியூர் வீணை வித்வான்கள் வந்து எறங்கினதும் காபிக்கு முன்னால அபயா டீச்சர் எங்கன்னுதான் கேப்பாங்க, ரயில்லயும் ஃப்ளைட்லயும் அடிபட்டு வந்த வீணைக்கு மேளம், விரல் வைக்கற மெட்டு வரிசையைத்தான் அப்படிச் சொல்லுவோம், ஆடிப்போயிருக்கும், நான் ஒரு தடவை காதைக் குடுத்தேன்னா போதும், இந்த மெட்டு, அந்த மெட்டுன்னு தொட்டுத் தொட்டுச் சொல்லிடுவேன். அப்படித்தான் இன்னிக்கும். காலையில க்ரீன் ரூம்ல அந்தம்மா செதாரை எடுத்து லேசா வாசிச்சுப் பாத்தாங்க. நல்ல கைதான், சந்தேகமே இல்ல. ஆனா ரி, அதான் ரிஷபம், வந்தப்ப எனக்குப் பல்லு கூசுச்சு. ரிஷபத்துல சுத்த ரிஷபம்னு ஒண்ணு, அதுக்கு மேல சதுஸ்ருதி ரிஷபம்னு ஒண்ணு, ஆர்மோனியத்துல பாத்தா பக்கத்துப் பக்கத்துக் கட்டை. இவங்க வாசிச்சது ரெண்டுக்கும் நடுவுல, ஆர்மோனியத்துல கட்டையே இல்லாத எடத்துல. நாங்களும் அந்தப் பக்கம் போகாம இல்ல, கமகத்துல வழுக்கிக்கிட்டு அது வழியாத்தான் போவோம், ஆனா அங்க நிக்க மாட்டோம். இவங்க நின்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு, தலையைச் சாச்சுக்கிட்டு, சாவகாசமா நின்னாங்க. ஒரு தடவை இல்ல, இருபது தடவை. பாவம், காது போச்சு போலிருக்குன்னு நெனச்சேன். இல்லன்னா கட்டு நகந்திருக்கும், ஃப்ளைட்டுல என்னதான் ஆகாது. நம்ம வீணையில மேளத்தை மெழுகுல பதிச்சிருக்கும், இதுல மெட்டுக்குப் பதிலா ஆட்டு நரம்பைக் கழுத்தைச் சுத்திக் கட்டி வச்சிருக்காங்க, அதான் கட்டு, அழுத்தித் தள்ளினா நகரும். அவங்களும் மொழிபெயர்ப்புக்கு வந்த அன்வர்தீன் சாரும் டீ கிடைக்குமான்னு கேன்டீனுக்குப் போனாங்க, வாத்தியமும் நானும் தனியா இருந்தோம், வீணைக்காரி கையில எண்ணெய் இல்லாம இருக்குமா, விரல்ல தேங்காயெண்ணெயைத் தொட்டுக்கிட்டு அந்தக் கட்டைக் குடத்துப் பக்கமா ஒரு தள்ளு. மீட்டினேன். வந்து நின்னுச்சு பாருங்க சதுஸ்ருதி ரிஷபம், கும்முனு. கட்டு இருந்த எடத்துல மரத்துல ஒரு வெளுத்த கோடு தெரிஞ்சுச்சு, மோதிரத்தைக் கழட்டினா விரல்ல தெரியுமே அது மாதிரி, அழுக்குன்னு நெனச்சு முந்தானையால நல்லா அழுத்தித் துடைச்சுவிட்டேன். அடுத்த கட்டுல கை வைக்கறதுக்குள்ள வரதகோபாலன் கூப்பிட்டுட்டாரு, டீச்சர் வாத்தியத்தை மேடைக்குக் கொண்டாங்கன்னு. ரெண்டாவதையும் பாத்திருக்கலாமேன்னுதான் இவ்வளவு நேரமும் ஒரு குறை.

அப்பாடா, செயலாளர் மைக்கை விட்டாரு. அன்வர்தீன் சார் வர்றாரு. வேலூர்ப் பக்கம் கல்லூரியில பாரசீகம் சொல்லிக்குடுத்து ரிட்டயரானவர், பேச்சு நிதானம். அந்தம்மா ரெண்டு வாக்கியம் சொல்றாங்க, இவர் தமிழ்ல சொல்றாரு. எங்க ஊர்ல பாட்டுக்கு முன்னால கவிதை வரும்ங்கறாங்க, ஞானிகள் பாடின கவிதை, அதோட மூச்சு எங்க நீளுதோ அங்க சுரம் நீளும், தாளம் கிடையாது, அதனால யாரும் தொடையில தட்டித் தேட வேண்டாம்னு சிரிக்கறாங்க, சபையும் சிரிக்குது, என் பக்கத்துலயே ஒருத்தர் தொடையிலருந்து கையை எடுக்கறாரு. ஃபோன்ல பதிவு பண்ண வேண்டாம்னு கேட்டுக்கறாங்க. இந்த வாத்தியத்தை இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணதில்ல, செஞ்சவருக்கு அது பிடிக்காதாம். செஞ்சவர் அவங்க அண்ணன், பெஹ்ரூஸ். சரி, அண்ணனா, நல்லது. அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயசுலருந்து ஒரே ஒரு சுரத்துக்காகச் சண்டை போட்டிருக்காங்களாம். எங்க சங்கீதத்துல சில சுரத்துக்கு ஒரே எடம்னு கிடையாதுங்கறாங்க, வீட்டுக்கு வீடு, கைக்குக் கை மாறும், அவனவன் காது எங்க சொல்லுதோ அங்க கட்டு. இவங்க கொஞ்சம் ஏத்தி வைப்பாங்களாம், அண்ணன் எறக்கி வைப்பாராம், சாப்பாட்டுத் தட்டை வச்சுக்கிட்டுச் சண்டை, கல்யாண வீட்டுல சண்டை. நான் இங்கதான் நாற்காலியில நிமிந்து உக்காந்தேன். ஏன்னு தெரியல, இன்னும் ஒண்ணும் சொல்லல அவங்க. பதினாலு வருஷம் முன்னால அண்ணன் தவறிட்டாராம். வாத்தியம் இவங்ககிட்ட வந்துச்சு. தந்தியெல்லாம் மாத்தியிருக்காங்க, கட்டு ஒவ்வொண்ணா அந்து போக இவங்களே புதுசு கட்டியிருக்காங்க, ஒரே ஒரு கட்டை மட்டும் தொட்டதில்ல, அண்ணன் கட்டினது, அண்ணன் வச்ச எடத்துலயே இருக்கு. அதைத் தொட்டா என் கை என் எடத்துக்குத்தான் போகும், அதான் தொடறதில்லங்கறாங்க. அவன் பேசினது போச்சு, பாடினது போச்சு, அவன் காது மட்டும் இந்தக் கட்டுல இருக்கு, நான் அவனோட எடத்துலதான் இப்பல்லாம் பாடறேன், சண்டையில அவன்தான் ஜெயிச்சான். சபை உச்சுக் கொட்டுது. எந்தக் கட்டு. எந்தக் கட்டுன்னு சொல்லலியே. இருபத்தஞ்சுக்கு மேல கட்டு இருக்கு அதுல, நான் தொட்டது ஒண்ணு, அதேயா இருக்கணும்னு என்ன, இருக்காது, மாரியாத்தா, அப்படி இருக்காது. நரம்பெல்லாம் வெளுப்பா இருந்துச்சு, நான் தள்ளினது மட்டும் டிகாக்ஷன் நிறத்துல கறுத்து, பழசா, அட இது ஏன் இவ்வளவு பழசுன்னுகூட நெனச்சேனே. ரெண்டாவது சுரம்ங்கறாரு அன்வர்தீன் சார். உங்க கணக்குல ரிஷபம்னு வச்சுக்குங்க.

இல்ல. இரு. மெதுவா யோசி. நான் என்ன செஞ்சேன். ஒரு கட்டைத் தள்ளினேன். தள்ளினதைத் திருப்பித் தள்ளினாப் போச்சு. எங்க திருப்பித் தள்ளறது, கோடு இருந்துச்சே, கோடு எங்க, கோட்டைத்தான் முந்தானையால துடைச்சாச்சே, எண்ணெய் போட்டு, தேய்ச்சு. இந்தா முந்தானையில இருக்கு, பழுப்பா ஒரு தீத்தல், இதுதான் பதினாலு வருஷமா, இல்ல அதுக்கும் முன்னாலருந்து, அந்த மனுஷன் உயிரோட இருந்த காலத்துலருந்து அங்க இருந்தது, இப்ப என் மஞ்சள் சேலையில இருக்கு. அந்தம்மா மடியில வாத்தியத்தை வச்சு அது மேல கையை வச்சிருக்காங்க, இன்னும் மீட்டல, பேச்சு முடியாம மீட்டக் கூடாதுன்னு மரியாதை. முதல் தடவை அந்தக் கட்டுல விரலை வைக்கற வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. வச்சதும் தெரியும். என்ன தெரியும், நகந்திருக்குன்னு தெரியும், யாருன்னு தெரியாது. ஃப்ளைட்டுதான்னு நெனப்பாங்க. அன்வர்தீன் சாரும் அதைத்தான் சொல்லுவாரு, வரதகோபாலன் விமானக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதுவாரு, நான் போயி அடடான்னு சொல்லுவேன், சொல்லுவேனா, சொல்லுவேன், எனக்குத் தெரியும் என்னை. நல்லா மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன். யாரும் பாக்கல. க்ரீன் ரூம்ல நான், வாத்தியம், செவுத்துல நாலு செத்துப்போன வித்வான்கள் ஃபோட்டோ. வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும், அம்பது நிமிஷக் கச்சேரி, அப்புறம் வீடு, மத்தியானம் வத்தக்குழம்பு. அந்தம்மா அவங்க கையால அந்தக் கட்டைத் தள்ளி வைப்பாங்க. அவங்க எடத்துல. அவங்களே சொன்னாங்களே, என் கை என் எடத்துக்குத்தான் போகும்னு. ஊர் திரும்பி ஒரு மாசம் ஆகும், ரெண்டு மாசம் ஆகும், அப்புறம் அண்ணன் எங்க வச்சான்னு அவங்களுக்கே சந்தேகம் வந்துரும். காதுக்கு அது ஒரு சுபாவம், பக்கத்துல இருக்கறதை ஏத்துக்கும். அப்படின்னா அந்த ஆளு ரெண்டாவது தடவை, சே, அந்த வார்த்தை வேண்டாம். எங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில ஸ்கூட்டர்லருந்து என்னை எறக்கிவிட்டுட்டு, கேன்டீன் பக்கம் போறதுக்கு முன்னால என்ன கேட்டாரு, இன்னிக்கு யாரைத் திருத்தப் போறன்னு கேட்டாரு, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, நானும் சிரிச்சேன். அன்வர்தீன் சார் இப்ப கவிதைக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டிருக்காரு. தோட்டக்காரனைத் தேடிப் போனவன் தோட்டத்தை மிதிச்சுட்டானாம், மிதிச்ச எடத்துலயே நின்னுக்கிட்டு, பூவெல்லாம் எங்கன்னு கேக்கறானாம். கடவுளைப் பத்தின பாட்டாம் அது. என்னைப் பாத்தே சொல்ற மாதிரி இருக்கு. பாக்கல அவரு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருக்காரு.

ஆனா அந்தச் சுரத்தைக் கேட்டவ ஒருத்தி இருக்காளே. நான் கேட்டேனே. இருபது தடவை கேட்டேன், இருபது தடவையும் பல்லு கூசுச்சு, இந்த மண்டபத்துல, இந்த ஊர்லயே, பெஹ்ரூஸ்ங்கற அந்த மனுஷனோட எடம் எதுன்னு இன்னிக்குக் காலையில கேட்ட காது, அந்தம்மா காதை விட்டா என்னோடதுதான். அன்வர்தீன் சாருக்கு வெறும் சத்தம். எங்க இருந்துச்சு, நெனவுபடுத்து. ஸ. ஸவைப் பிடி. அதுலருந்து மேல போ. சுத்த ரிஷபம் இங்க, தாண்டு, இன்னும் கொஞ்சம், நில்லு, நில்லுன்னா நிக்க மாட்டேங்குது, வழுக்கிக்கிட்டுப் போயி சதுஸ்ருதியில உக்காந்துக்குது. மறுபடி. ஸ. மேல. மறுபடியும் அங்கயே போகுது. முப்பத்தஞ்சு வருஷமா உருப்போட்ட ரிஷபம், கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்டுக்குத் திரும்பிடற மாடு கணக்கா அதே கொட்டில்ல போயி நிக்குது. கீழருந்து போனா சதுஸ்ருதிக்கு இழுக்குது, மேலருந்து எறங்கினா சுத்த ரிஷபத்துல விழுது, நடுவுல பிடிக்க ஒண்ணுமில்ல. காலையில கேட்டதை நெனச்சுப் பாரு, அந்த அறை, ட்யூப்லைட், கேன்டீன்லருந்து ரவாதோசை வாசனை, அந்தம்மா கண்ணை மூடினாங்க, நகம் தந்தியில பட்டுச்சு, அப்புறம், அப்புறம் என்ன கேக்குதுன்னா நான் திருத்தினதுதான் கேக்குது. அந்தக் கும்முனு வந்த ரிஷபம். அது முன்னால கேட்ட எல்லாத்தையும் மூடிருச்சு. இதுக்குப் பேரு நல்ல காதா. முன்வரிசையில நாலாவதா உக்காந்திருக்காரே விமர்சகர், என்னைப் பத்திப் பத்திரிகையில எழுதினாரு, அபயாம்பாளின் ஸ்வரஸ்தானம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதுன்னு, அதை லேமினேட் பண்ணி வீட்டுல மாட்டி வச்சிருக்கேன். சந்தேகம் இல்லாத காது, அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல இப்ப. வரதகோபாலன் திரும்ப வந்துட்டாரு. பொன்னாடை. புரவலர் ஒருத்தர் வந்து அந்தம்மாவுக்குப் போத்தறாரு. இன்னொருத்தருக்கும் போத்தணும். கை தட்டறாங்க. தட்டாதீங்களேன், ஒரு நிமிஷம் சும்மா இருங்களேன்.

எரிச்சல். அதைப் பிடி, சுரம் வேண்டாம், அந்த எரிச்சலை நெனச்சுப் பாரு. பல்லு கூசினது எங்க, கீழ்த்தாடை, வலது பக்கம், காதுக்குக் கீழ. இந்த எரிச்சல் எனக்குப் புதுசு இல்லையே. காலையிலயே நெனச்சேன், இதை எங்கயோ பட்டிருக்கோமேன்னு, எங்க, எந்தக் கச்சேரியில, யாரு பாடி. கச்சேரியே இல்ல. பின்கட்டு. கொடி, ஈரத்துணி, கொல்லைக் கதவுல ஆணியடிச்சு மாட்டின கண்ணாடி, ஷேவிங் சோப்பு வாசனை. இவரு. கல்யாணமான புதுசுல இவரு தினம் காலையில கன்னத்துல நுரையோட ஒரு பழைய சினிமாப் பாட்டை முனகுவாரு, மின்வாரியத்துல வேலை, சங்கீதத்துக்கும் இவருக்கும் ஸ்நானப்ராப்திகூட இல்ல, ஆனா தினம் முனகுவாரு, ரெண்டாவது அடியில ரிஷபம் வந்து நிக்கும், நிக்கணும், இவருக்கு நிக்காது, ஒரு மயிரிழை கீழயே தொங்கும், நான் அடுப்படியில இருந்துக்கிட்டே ரிஷபம் கீழ நிக்குதுங்கன்னு சத்தம் போடுவேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் சரி பண்ணப் பாத்தாரு, நுரை காயற வரைக்கும் நின்னு பாத்தாரு, வரல. அப்புறம் நான் குளிக்கப் போனப்புறம் முனகினாரு. அப்புறம் எப்பன்னு தெரியல, எந்த வருஷம், எந்த மாசம், நின்னுபோச்சு. நான் கவனிக்கவே இல்ல. பொண்ணு பன்னெண்டாவது படிக்கும்போது கேட்டா, பக்கத்து வீட்டு அப்பா எப்பவும் பாடறாரே, நம்ம அப்பா பாடவே மாட்டாரான்னு. நான் வாழைக்காய் சீவிக்கிட்டிருந்தேன். அவருக்கு வராதுன்னு சொன்னேன். அவரு கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு, பக்கத்தைத் திருப்பினாரு. அவ்வளவுதான் நடந்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, யாரும் அழல, யாரும் கோச்சுக்கல. அந்த ரெண்டாவது அடி. அவரு குரல்ல. தொண்டைக்குள்ள மெதுவா, வாயைத் திறக்காம. அந்த வார்த்தையை அவரு இழுக்கற மாதிரி, கன்னத்தை ஒரு பக்கமா உப்பிக்கிட்டு, பிளேடு எறங்கற வேகத்துல. இந்தா. இந்தா, கூசுது. வலது தாடை. சதுஸ்ருதி இல்ல. சுத்த ரிஷபம் இல்ல. நுரையோட நிக்கிறாரு, அந்த எடத்துல, அசையாம. இது அதேதானா. ரெண்டும் ஒண்ணா. கெர்மான்ல இருந்த ஒருத்தரும் மாம்பலத்துல மின்வாரியத்துக்குப் போன ஒருத்தரும் ஒரே எடத்துல எப்படி நிப்பாங்க, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, ஆனா எரிச்சல் அதேதான், என் காது பொய் சொல்லலாம், என் எரிச்சல் பொய் சொன்னதில்ல.

வரதகோபாலன், இனி இசைங்கறாரு. அந்தம்மா பொன்னாடையை மடிச்சுப் பக்கத்துல வைக்கறாங்க. நகத்தை முதல் தந்தியில வைக்கறாங்க. வெறும் தந்தி, ஸ. இடது கை கழுத்துல ஏறுது. நான் எந்திரிச்சுட்டேன். எந்திரிக்கணும்னு நெனச்சு எந்திரிக்கல, பாத்தா நிக்கிறேன், ஓரத்துப் படியில ஏறிட்டேன், செருப்புகூடக் கழட்டல, கழட்டிட்டுப் போயிருக்கணும், மேடையில செருப்போட போனவளை நான் எத்தனை திட்டியிருக்கேன். மைக்கு என் பக்கத்துல இருக்கு, எல்லாருக்கும் கேக்கும், கேக்கட்டும். அந்தம்மா கையை எடுத்துட்டு என்னைப் பாக்கறாங்க, தண்ணி கொண்டாந்திருக்கேன்னு நெனச்சு லேசாச் சிரிக்கறாங்க. அன்வர்தீன் சார்கிட்டதான் சொன்னேன், அவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல.

"சார், அந்தக் கட்டை நான் நகத்திட்டேன். தப்பா இருக்குன்னு நெனச்சு நகத்திட்டேன். இருந்த அடையாளத்தையும் துடைச்சுட்டேன். சொல்லுங்க அவங்ககிட்ட."

அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே. சொல்லாம விட்டுருவாரோன்னுகூட நெனச்சேன். சொன்னாரு, ரொம்ப மெதுவா, குனிஞ்சு. அந்தம்மா மூஞ்சி அப்படியே இருந்துச்சு, சிரிச்ச சிரிப்பு போறதுக்கு நேரமாச்சு, கை மட்டும் தானா போயி அந்தக் கறுத்த கட்டைத் தேடிச்சு, கண்ணால பாக்கல, விரலால தடவினாங்க, மேல, கீழ, எண்ணெய்ப் பிசுபிசுப்பு பட்டிருக்கும். அப்புறம் வாத்தியத்தை மாரோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்து ஏதோ சொன்னாங்க, நீளமா, தாழ்ந்த குரல்ல, முன்வரிசையில ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அன்வர்தீன் சார் அதைத் தமிழ்ல சொல்லல. நானும் கேக்கல. வரதகோபாலன் ஓடி வந்து டீச்சர் டீச்சர்ங்கறாரு, சபையில முணுமுணுப்பு, யாரோ மைக்கை அணைக்கச் சொல்றாங்க. நான் நகரல. எனக்குத் தெரியும் சார், எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், தெரியுமான்னு எனக்கே தெரியாது, சொல்லச் சொல்ல அந்தச் சுரம் வேற கரைஞ்சுக்கிட்டிருக்கு, பேசினா போயிரும், சீக்கிரம் கேளுங்களேன் யாராவது. அந்தம்மா அன்வர்தீன் சார் பக்கம் திரும்பி ரெண்டே வார்த்தை சொன்னாங்க.

"பாடுங்கறாங்கம்மா."

வெறும் தந்தியை மீட்டினாங்க. ஸ. நானும் ஸ பிடிச்சேன், தொண்டையில மார்கழிக் கோழை. அந்த விமர்சகர் மூக்குக்கண்ணாடியை மாட்டறது தெரிஞ்சுச்சு. என்னோட மாணவிங்க ஏழெட்டுப் பேரு அங்க உக்காந்திருக்காங்க, சுரம் ஒரு மயிரிழை விலகினதுக்கு நான் எழுப்பி நிக்க வச்சுத் திரும்பப் பாட வச்சவங்க. ஸ. கொல்லைக் கதவு, கண்ணாடி, நுரை. மேல போனேன். சுத்த ரிஷபத்தைத் தாண்டினேன். நின்னேன். நிக்க விடாம தொண்டை மேல இழுக்குது, விடல, கன்னத்தை ஒரு பக்கமா உப்பிக்கிட்டேன், அசிங்கமாத்தான் இருந்திருக்கும் பாக்க, அவரு மாதிரியே பிடிச்சேன், தொங்கற மாதிரி, கீழ நிக்கிற மாதிரி, தப்பா. யாரோ ஒருத்தர் த்சுன்னாரு. அந்தம்மா குனிஞ்சு கட்டைத் தலைப் பக்கமா அழுத்தித் தள்ளினாங்க, மீட்டினாங்க, என் சுரத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நடுக்கம், இன்னும் தள்ளினாங்க, அது அவங்க எடம் போலிருக்கு, விரல் அங்க கொஞ்சம் தயங்குச்சு, நான் தலையை ஆட்டினேன், இல்ல, இன்னும், இன்னும் கீழ. ஒரு மயிரிழை. மீட்டினாங்க. நடுக்கம் நின்னுபோச்சு. எனக்குப் பல்லு கூசுச்சு, வலது பக்கம், காதுக்குக் கீழ, காலையில கூசின அதே எடம். அந்தம்மா மறுபடி மீட்டினாங்க. மறுபடி. கண்ணை மூடிக்கிட்டு தலையைச் சாச்சாங்க, பெஹ்ரூஸ்னு சொன்னாங்க, அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கல. நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம், இனிமே தேவையில்ல, ஆனா கடைசி வரிசையில, கதவு ஓரமா, கேன்டீன் டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நிக்கிறது தெரிஞ்சுச்சு, என்னையே பாக்கறாரு, இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேங்கற மூஞ்சி, அப்புறம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, அது அவரோட ரிஷபம்னு. மூச்சு முட்டற வரைக்கும் நான் அந்த எடத்தை விட்டு நகரல.